கையெழுத்துப் போடாத தலைமை நர்ஸ்

எங்கள் தலைமை நர்ஸ் இப்போது ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் இருக்கிறார். முப்பத்தாறு கட்டில்களையும் ஒன்பது நர்ஸ்களையும் பதினொரு வருஷம் கட்டி மேய்த்தவருக்கு, கீழ்த்தளத்தில், வெந்நீர்க் குழாய்கள் ஓடும் அறையில், போர்வை எண்ணும் வேலை. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. "நிர்வாக வசதிக்காக" என்றுதான் உத்தரவில் இருந்தது. யாருடைய வசதி என்று கேட்டால் எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். இல்லாவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருப்பேனா?

அவரைத் தெய்வமாக்கி மாலை போட நான் வரவில்லை. வார்டில் அவருக்குக் "கெடுபிடி" என்று பெயர். ஐந்தடிக்கும் குறைவான உயரம், ரப்பர் செருப்பு. வருகிற சத்தம் கேட்காது, திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். கை கழுவினாயா என்று வாயால் கேட்கிற பழக்கமே இல்லை. கையைப் பிடித்து இழுத்து சோப்பு வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பார். அவர் வார்டுக்கு வந்த முதல் வாரத்தில் என் கை மூன்று முறை முகரப்பட்டது. எனக்கு வயது முப்பத்து நாலு, இரண்டு பெண் பிள்ளைகள், வேறொரு ஆஸ்பத்திரியில் ஏழு வருஷ அனுபவம். வீட்டுக்குப் போய் என் கையை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டு, ஆத்திரத்தில் அழுதேன்.

எங்கள் வார்டில் காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஆள் மாறும். எல்லா வார்டுகளையும் போல நோயாளிகளை ஒப்படைப்போம். இவருக்குக் காய்ச்சல், அவருக்கு டிரிப், இன்னாருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்களுக்கு மட்டும் ஒரு வேலை உண்டு. மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் எல்லோரும் வட்டமாக நின்று, அவரவர் செய்த தப்பை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். முதல் ஆளாக அவரே ஆரம்பிப்பார்.

"ஒம்பதாம் கட்டிலுக்கு எட்டு மணி மாத்திரையை ஒம்பதரைக்குத்தான் குடுத்தேன். மறந்துட்டேன். அடுத்தது யாரு?"

சொன்ன தப்புக்குத் திட்டு கிடையாது. அதை எப்படிச் சரிசெய்வது என்பது மட்டும்தான் பேச்சு. சொல்லாமல் மறைத்தது பிறகு தெரிந்தால் தொலைந்தோம். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, நல்ல கூத்தாக இருக்கிறதே என்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சொல்லத் தப்பு இல்லாமல் இல்லை. முந்தைய இடத்தில் கற்றுக்கொண்ட பாடம் அப்படி.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ்கள் பலவிதம். இங்கே வந்த புதிதில் இரண்டு மாதம் என்னை மாடியிலுள்ள அறுவை வார்டில் போட்டிருந்தார்கள். அங்கே இருந்தவரைப் "பட்டாளம்" என்போம். தப்பு செய்த நர்ஸை வார்டின் நடுவில் நிற்கவைத்து, நோயாளிகள், பார்க்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் உரித்தெடுப்பார். ஆனால் தினமும் காலையில் அறுவை டாக்டர் அதே இடத்தில் பட்டாளத்தை நிற்கவைத்து அதேபோல உரித்தெடுப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். மேலே வாங்கியதைக் கீழே இறக்குகிறார், அவ்வளவுதான். அவர் மேல் எனக்குப் பரிதாபமும் உண்டு, கோபமும் உண்டு. கோபம் கொஞ்சம் கூடுதல்.

போன வருஷம் தலைமை நர்ஸ்களுக்கெல்லாம் அரைநாள் பயிற்சி நடந்தது. டை கட்டிய ஒருவர் வந்து தலைமைப் பாணி ஐந்து வகை என்றாராம். அதிகாரம் செய்பவர், கலந்து பேசுபவர், அரவணைப்பவர், தானே செய்து காட்டுபவர், கண்டுகொள்ளாதவர். நீங்கள் எந்த வகை, கட்டத்தில் டிக் போடுங்கள் என்று தாளையும் நீட்டினாராம். பட்டாளம் முதல் கட்டத்தில் தாள் கிழிகிற மாதிரி டிக் போட்டார். எங்கள் தலைமை நர்ஸ், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. அடியில் ஒரு வரி எழுதினார்: "அன்றைக்கு எத்தனை நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது."

டை கட்டியவர் அது பதில் இல்லை என்றிருக்கிறார்.

"அதைத் தவிர வேற பதில் இல்ல சார். ஆறு பேர் வந்தா நான் கலந்து பேசுவேன். ரெண்டு பேர்தான் வந்தாங்கன்னா கத்துவேன். ஒரு நாள் எங்க வார்டுல வந்து நில்லுங்க. உங்க அஞ்சு கட்டத்தையும் மதியத்துக்குள்ள காட்டிடறேன்."

அவர் ஏன் இப்படி ஆனார் என்பது ரகசியம் இல்லை. புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே வட்டத்தில் நின்று அவரே சொல்லிவிடுவார். இருபத்து மூன்று வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்த தலைமை நர்ஸ், தப்பு செய்தவர்களை வார்டு வாசலில் நிற்கவைப்பாராம், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. ஒருநாள் வயதான தபால்காரர் ஒருவருக்கு டிரிப் மெதுவாக இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் குழாயின் சக்கரத்தை இறுக்க மறந்துவிட்டார். ஒரு பாட்டில் முழுவதும் ஒரே மணிநேரத்தில் உள்ளே போய்விட்டது. வாசலில் நிற்கப் பயந்து, காலி பாட்டிலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். சாயங்காலம் தபால்காரருக்கு மூச்சு வாங்கியது. ஏன் என்று தெரியாமல் டாக்டர்கள் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

"அதனாலதான் செத்தாரான்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டியிருந்த ஒரே விஷயம் என் வாய்க்குள்ள இருந்துச்சு. நான் தொறக்கல." இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்காது. ஆஸ்பத்திரி விதியைப் படிக்கிற மாதிரித்தான் சொல்வார். "எனக்குப் பயப்படாதீங்கன்னு சொல்லல. நல்லா பயப்படுங்க. ஆனா சொல்றதுக்குப் பயப்படாதீங்க."

இனி என் கதைக்கு வருகிறேன். சர்க்கரை நோயாளிகளுக்குப் போடும் இன்சுலின் எங்கள் ஸ்டோரில் எப்போதும் ஒரே வலுவில்தான் வரும், ஒரு மில்லியில் நாற்பது யூனிட். சிரிஞ்சில் போட்டிருக்கும் கோடுகளும் அந்த நாற்பதுக்கானவை. ஒரு திங்கட்கிழமை ஸ்டோரிலிருந்து புதுப் பெட்டி வந்தது. அதிலிருந்த புட்டிகளில் ஒரு மில்லிக்கு நூறு யூனிட். மருந்தை மாற்றியவர்கள் சிரிஞ்சை மாற்றவில்லை, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எந்த மருந்தை எடுத்தாலும் பெயரையும் தேதியையும் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வார்டுச் சட்டம். நானும் படித்தேன். பெயர் சரி, தேதி சரி. எண்ணைப் படிக்கவில்லை. மாறவே மாறாத எண்ணை யார் படிப்பார்கள்?

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, பதினான்காம் கட்டிலில் இருந்த தையல்காரம்மாவுக்குப் பதினாறு யூனிட் போட வேண்டும். பதினாறாம் கோடு வரை இழுத்துப் போட்டேன். உண்மையில் அவர் உடம்புக்குள் போனது நாற்பது. அன்றைக்கு முப்பத்தாறு பேருக்கு நாங்கள் இரண்டே நர்ஸ். பத்து மணிக்குத் தையல்காரம்மா தொப்பலாக வியர்த்து, இல்லாத நூல்கண்டைத் தேடிப் போர்வையைத் துழாவினார். சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் தெளிந்தார். காலை உணவைச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றரை மணிக்குப் புட்டியைத் திரும்பக் கையில் எடுத்தபோதுதான் அந்த நூறு என் கண்ணில் பட்டது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. டாக்டரே காரணமும் சொல்லியாயிற்று. நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன், ஒரு காகிதம் போதும் வீட்டுக்கு அனுப்ப. பழைய ஆஸ்பத்திரியாக இருந்தால் அந்தப் புட்டி தற்செயலாகக் கீழே விழுந்து உடைந்திருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு வட்டத்தில் நின்றேன். அக்கா தன்னுடையதைச் சொல்லிவிட்டு "அடுத்தது யாரு?" என்றார். நான் புட்டியை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் புட்டியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"நேத்து இந்தப் பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போட்டது நான். நானும் நம்பரைப் படிக்கல. இது ரெண்டு பேர் தப்பு" என்றார். அதோடு சரி. அடுத்த நிமிஷம் டெலிபோனில் ஒவ்வொரு வார்டாகக் கூப்பிட்டு, சாயங்கால இன்சுலினை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அறுவை வார்டில் அதற்குள் மூன்று பேருக்கு மயக்கம் வந்திருந்தது. மூன்று பேரின் சார்ட்டிலும் "சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அங்கே யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வார்கள்?

பிறகு என் முழங்கையைப் பிடித்துப் பதினான்காம் கட்டிலுக்கு அழைத்துப் போனார். "அம்மா, காலைல உங்களுக்கு மயக்கம் வந்தது சாப்பாட்டால இல்ல. எங்களால. மருந்து ரெண்டரை மடங்கு போயிடுச்சு" என்று நேராகச் சொன்னார். தையல்காரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அளவு தப்பினா எங்க தொழில்ல ஒரு சட்டைதான் போகும். உங்க தொழில்ல ஆளே போயிடும் போல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் ஊசியோடு போனதும் கையை நீட்டினார். "படி. நம்பரையும் சேர்த்து, சத்தமாப் படி."

இதெல்லாம் நிர்வாக அதிகாரியின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவருக்கு மருந்து மாறியது பிரச்சினையில்லை, நோயாளியிடம் சொன்னதுதான் பிரச்சினை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. ஒரு நர்ஸை வேலையிலிருந்து நீக்க, அவருடைய தலைமை நர்ஸ் புகார்ப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாளே படிவம் வந்துவிட்டது. என் பெயர், "கவனக்குறைவு", எல்லாம் தட்டச்சாகியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் போடவில்லை என்றால் தலைமைப் பொறுப்பு போய்விடும் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். ஸ்டோரைப் பற்றி யாரும் எந்தப் படிவமும் அடிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வாசலில் அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவர், விரலெல்லாம் வார்னிஷ் கறை. அக்கா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். என்னால்தான் இவ்வளவும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

"நீங்கதானா அது? வீட்லயும் இதே கதைதான்மா. நேத்து நான் மோட்டாரைப் போட்டுட்டு மறந்து, தண்ணித் தொட்டி ரொம்பி வழிஞ்சுது. என்னை நிக்கவெச்சு அதைச் சொல்ல வெச்சுட்டா. முப்பது வருஷமா நானும் அந்த வட்டத்துலதான் நிக்கறேன், ஒத்தை ஆளா" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க பொண்ணு சொல்லிட்டா. அம்மா கையெழுத்துப் போட்டா நான் அவங்களோட பேச மாட்டேன்னு. உங்க அக்கா போடமாட்டா. நீங்க போய் வேலையைப் பாருங்க."

என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அதிகாரியின் அறைக்கு வெளியே போய் நின்றேன். அக்கா அப்போதுதான் வந்தார்.

"இங்க என்ன பண்ற? வார்டுல யாரு இருக்கா?"

"போட்டுடுங்கக்கா. நான் வேற வேலை தேடிக்கறேன். எனக்காக நீங்க ஏன்..."

"உனக்காகன்னு யாரு சொன்னா?" அவர் முகம் சிவந்துவிட்டது. "உன்னைக் காப்பாத்தறேன்னு நெனச்சியா? நீ நம்பரைப் படிக்காததுக்கு இன்னும் எனக்குக் கோவம் தீரல. நான் இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு ரெண்டு மணிக்கு எவ வாயைத் தொறப்பா? எல்லாரும் 'ஒண்ணும் இல்லக்கா'ம்பாங்க. முப்பத்தாறு கட்டில், எல்லாமே நல்லா இருக்கு! அப்புறம் எந்தக் கட்டில்ல என்ன நடக்குதுன்னு எனக்குப் பொணம் வந்து சொல்லுமா? போ, வார்டுக்குப் போ."

நான் போகவில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது. அதிகாரி தணிந்த குரலில்தான் ஆரம்பித்தார். இது வெறும் நடைமுறைதான், நீங்கள் அனுபவசாலி, உங்களுக்குத் தெரியாததா. அக்கா ஒரு தாளை எடுத்துப் படித்தார். ஸ்டோர் அறிவிப்பு தரவில்லை. சிரிஞ்ச் மாறவில்லை. ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். பெட்டியை வாங்கிய தலைமை நர்ஸ் எண்ணைப் படிக்கவில்லை. ஊசி போட்ட நர்ஸ் எண்ணைப் படிக்கவில்லை.

"அஞ்சு தப்பு சார். அஞ்சுக்கும் படிவம் கொண்டுவாங்க. அஞ்சுலயும் போடறேன். என் பேர் இருக்கறதுல மொதல்ல போடறேன்."

"ஊசி போட்ட கை அந்த நர்ஸோடது."

"அதைச் சொன்ன வாயும் அவளோடதுதான். அன்னிக்கு சாயங்காலம் இந்த ஆஸ்பத்திரியில யாரும் சாகாம இருந்தது அந்த வாயால. கைக்குத் தண்டனை குடுக்கறீங்க. வாய்க்கு என்ன குடுக்கப்போறீங்க?"

அதிகாரியின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "நல்லா யோசிச்சுக்கோங்க. இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு உங்களுக்கு."

"யோசிச்சு ரொம்ப நாளாச்சு சார்" என்றார் அக்கா.

திங்கட்கிழமை அவர் துணிக்கிடங்குக்குப் போனார். போன மூன்றாம் நாளே கிழிந்த போர்வைகளை மூட்டை கட்டி, "இதை உங்கள் வீட்டில் விரிப்பீர்களா?" என்று சீட்டு எழுதி நிர்வாக அதிகாரியின் அறைக்கே அனுப்பிவைத்ததாகக் கேள்வி. நான் கீழே போய்ப் பார்த்தேன். அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், முகர்ந்து பார்த்தார். "இங்க வந்து நேரத்தை வீணாக்காத. மேல ஒழுங்கா நிக்கறீங்களா?"

நாங்கள் நிற்கவில்லை. தலைமை நர்ஸ் இல்லாத அந்த வாரத்தில் வட்டம் கூடவே இல்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுக் கலைந்தோம். அவரிடம் பொய் சொல்ல முடியாமல் தலைகுனிந்தேன். அவர் திட்டவில்லை, திரும்பிப் போர்வை மடிக்க ஆரம்பித்தார். எனக்கு அது திட்டைவிட அதிகமாக வலித்தது.

அடுத்த திங்கட்கிழமை எங்களுக்குப் புதிய தலைமை நர்ஸ் வந்தார். சாட்சாத் பட்டாளமேதான். காலை ஏழு மணிக்குக் கதவு அதிர நுழைந்தார். கையில் இருந்த அட்டையில் என் பெயர் போட்ட அதே படிவம் செருகியிருந்தது. கையெழுத்துக்காக அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு அது ஒரு வினாடி வேலை, எனக்கும் அது தெரியும், வார்டுக்கே தெரியும்.

"என்ன மரமாட்டம் நிக்கறீங்க? ஒப்படைங்க!"

என் கால்கள் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றன. இரண்டு பிள்ளைகளின் முகமும் கண்ணுக்குள் வந்தது. போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர். இந்த வார்டுல மொதல்ல தப்பைச் சொல்லுவோம். நேத்து ஆறாம் கட்டில்காரருக்குக் காய்ச்சல் பார்க்காம, முந்தின நாள் பார்த்ததையே சார்ட்ல எழுதிட்டேன். நேரம் இல்ல, அதனால எழுதினேன். இப்ப போய்ப் பாக்கறேன்."

மற்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றார்கள். வட்டமானது. பட்டாளத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. என்னைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். இதோ, முடிந்தது என்று நினைத்தேன்.

"எங்க வார்டுல மூணு பேருக்கு மயக்கம் வந்துது" என்றார். அவர் கத்தாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ரெண்டாவது ஆளுக்கு வந்தப்பவே எனக்கு சந்தேகம். எங்க நர்ஸ் பிள்ளைங்ககிட்ட கேட்டேன். யாரும் சொல்லல. ஏன் சொல்லலன்னு ராத்திரி பகலா யோசிச்சுட்டிருக்கேன்."

அட்டையிலிருந்த படிவத்தை உருவித் தூக்கிக் காட்டினார்.

"ஒரு மயக்கத்துக்கு இவ பேர்ல ஒரு படிவம்னா, என் பேர்ல மூணு வரணும். எனக்குக் கணக்குல ஏமாத்து ஆகாது." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு வார்டே அதிரும் அந்தப் பழைய குரலில் கத்தினார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? அடுத்தது யாரு?"